ஆங்கிலத்தில் பெயரடையைத் தழுவும் வினையடைகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வினையடை என்னும் பெயர் அச்சொல்வகை வினையையே தழுவும் என்ற எண்ணத்தைத் தருகின்றது. ஆங்கிலத்திலோ பெயரடையின் அளவை உணர்த்தும் சொற்களும் இவ்வகையிலேயே அடக்கப்படுகின்றன. அச்சொற்கள் அவ்விடத்தை அடைந்த வழிகளையும், இலக்கணிகள் அவற்றை நோக்கிய முறையையும் இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: வினையடை, பெயரடைத் தொடர், முன்னிடைத் தொடர், மிகுதிச்சொல், உரிச்சொல்

முன்னுரை

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழிக் கற்பிக்கும் வகுப்பறையில் ஓர் இடர்ப்பாடு அடிக்கடி எழுகின்றது. ‘வினையடை வினையைச் சிறப்பிக்கும்’ என்று கற்ற மாணவர், ‘வெரி ஓல்ட்’ என்னும் தொடரில் ‘வெரி’ எந்த வினையைச் சிறப்பிக்கின்றது என்று வினவுகின்றார். ‘பிகேம் வெரி ஆங்ரி’ என்னும் வினைத்தொடரிலும், ‘இன் அ வெரி ஓல்ட் ஹவுஸ்’ என்னும் முன்னிடைத் தொடரிலும் ‘வெரி’ செய்யும் பணி ஒன்றே. முன்னதில் அது ‘ஆங்ரி’ என்பதையும், பின்னதில் ‘ஓல்ட்’ என்பதையும் தழுவுகின்றது. வினையோடோ முன்னிடைச்சொல்லோடோ அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. பெயரடைத் தொடர் முழுமையும் அப்பெருந்தொடர்களின் உறுப்பாக அமைகின்றது. எனவே மாணவரின் வினா பிழையன்று, பெயரே பொருந்தவில்லை. இப்பொருந்தாமை எங்ஙனம் நேர்ந்தது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் தோற்றம்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தியோனீசியசு திராக்சு என்பாரின் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம், சொல்வகைகளை எட்டாகப் பகுக்கின்றது. அவற்றுள் ஒன்று ‘எபிர்ரேமா’. வினையின்மேல் சாரும் சொல் என்பது அதன் பொருள். உரோமானிய இலக்கணிகள் அதனை ‘அட்வெர்பியும்’ என உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்தனர். ஆங்கிலம் அதனை ‘அட்வெர்ப்’ எனக் கொண்டது. தமிழில் ‘வினையடை’ என்று வழங்குவதும் இவ்வழிப் பொருளையே உணர்த்துகின்றது. ஒரு மொழியின் தேவைக்கேற்பத் தோன்றிய பெயர், வேறு மொழிகளின் சொற்களையும் அளக்கும் கோலாயிற்று.

முதல் வழி: வினையிலிருந்து பெயரடைக்கு

பழைய ஆங்கிலத்தில் மிகுதிப்பொருள் உணர்த்திய முதன்மையான சொல் ‘ஸ்விதெ’. ‘வலிய’ என்னும் பொருள்படும் பெயரடையிலிருந்து பிறந்த இச்சொல், ‘வலிமையாக’ என வினையைத் தழுவியது. பின்னர்ப் பெயரடைக்கு முன்னின்று ‘மிக’ என்னும் பொருளைப் பெற்றது. இடைக்கால ஆங்கிலத்தில் இதன் செல்வாக்கு குன்றிற்று. ‘விரைவாக’ என்னும் பொருளில் சிலகாலம் நின்று பின் வழக்கிறந்தது. அதன் இடத்தை ‘வெல்’, ‘ஃபுல்’, ‘ரைட்’ ஆகியன அடுத்தடுத்து நிரப்பின. இவ்வரிசையைத் தாவ்னோ முஸ்தனோயா 1960இல் வெளியிட்ட இடைக்கால ஆங்கிலத் தொடரியல் நூலில் விரித்துரைத்துள்ளார்.

இம்முதல் வழியில் வந்த சொற்களுக்கு வினையடை என்னும் பெயர் ஓரளவு பொருந்தும். இக்காலத்து ‘டெரிப்ளி’ என்பதும் இத்தகையதே. ‘அச்சம் தரும் வகையில்’ என்னும் பொருள் தேய்ந்து, அளவுப்பொருள் மட்டும் எஞ்சியுள்ளது.

இரண்டாம் வழி: பெயரடையிலிருந்து பெயரடைக்கு

‘வெரி’ என்பதன் வரலாறு வேறு. ‘உண்மையான’ என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘வெராய்’ என்பதே இதன் மூலம். அதன் வேர் இலத்தீன் ‘வேருசு’ என்பதோடு உறவுடையது. ஆங்கிலத்தில் இது முதலில் பெயரடையாகவே வழங்கிற்று. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் ‘உண்மையான’, ‘நிறைவான’ எனப் பெயரடைகள் அடுக்கி வரும்போது, முதற்பெயரடை பெயரைத் தழுவுகின்றதா, அடுத்த பெயரடையைத் தழுவுகின்றதா என்னும் ஐயம் எழும். சாசரின் ‘காண்டர்பரி கதைகள்’ நூலின் முன்னுரைப் பகுதியில் மறவனைப் பற்றிய வருணனை இவ்வையத்துக்கு இடமளிக்கும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ‘உண்மையான நிறைவுடைய வீரன்’, ‘உண்மையாகவே நிறைவுடைய வீரன்’ என இருவகையாகவும் அத்தகு தொடரைக் கொள்ளலாம். பின்வந்தோர் இரண்டாம் பொருளைக் கொண்டமையால் பெயரடை மிகுதிச்சொல்லாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் இப்பயன்பாடு வேரூன்றிவிட்டது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ‘வெரி’ இன்றளவும் வினையைத் தனித்துத் தழுவுவதில்லை. வினையைச் சிறப்பிக்க ‘வெரி மச்’ என்று ‘மச்’ என்பதன் துணை வேண்டும். ‘கடனில் மூழ்கியுள்ளான்’ என்னும் பொருளில் முன்னிடைத் தொடரைச் சிறப்பிக்கும்போதும் ‘வெரி மச் இன் டெட்’ என்பதே இயல்பான வழக்கு. வினையைத் தழுவாத ஒரு சொல்லை வினையடை என்று அழைப்பது பெயரளவில் முரணாகும்.

வடிவ மாற்றமும் இலக்கணிகளின் தலையீடும்

பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ‘எ’ என்னும் ஈறு சேர்ந்தால் வினையடை பிறக்கும். ‘ஹெயர்ட்’ என்பது பெயரடை. ‘ஹெயர்டெ’ என்பது வினையடை. இடைக்காலத்தின் பிற்பகுதியில் இவ்வீற்று உயிர் ஒலிப்பிழந்தமையால் இரண்டும் ஒரே வடிவின ஆயின. மற்றோர் ஈறாகிய ‘லி’ பரவியதற்கு இது ஒரு காரணம். எனினும் மிகுதிச்சொற்கள் நெடுங்காலம் ஈறின்றியே வழங்கின. 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் பெயரடைக்கு முன் ‘எக்சீடிங்’ என ஈறற்ற வடிவம் பயில்கின்றது.

இராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணச் சிற்றறிமுகம் இத்தகைய வழக்கைப் பிழையெனக் குறித்தது. பெயரடையை வினையடையாக ஆள்வது தகாது என்று கூறிய அவர், டிரைடன், ஸ்விஃப்ட் போன்ற பெரும் எழுத்தாளர்களின் தொடர்களையே பிழைக்குச் சான்றாகக் காட்டினார். இலிண்ட்லி மரே 1795இல் யார்க் நகரில் எழுதிய பாடநூல் இத்தகு விதிகளைப் பள்ளிகளில் பரப்பிற்று. வினை, பெயரடை, பிற வினையடை ஆகிய மூன்றோடும் சேர்வது வினையடை என்ற மரேயின் வரையறை இன்றைய பாடநூல்களிலும் தொடர்கின்றது. பெயரின் குறையை வரையறையை நீட்டி ஈடுசெய்தனர் எனலாம். ‘வெரி’, ‘பிரிட்டி’ ஆகியவை ‘லி’ ஈறின்றியே நிலைபெற்றமை, வழக்கின் வலிமை விதியினும் பெரிது என்பதைக் காட்டும்.

இருபதாம் நூற்றாண்டு நோக்குகள்

ஓட்டோ எசுப்பர்சன் 1924இல் ‘இலக்கணத்தின் மெய்யியல்’ என்னும் நூலில் சொல்வகையை விடுத்துத் தரநிலையை முன்வைத்தார். ‘எக்ஸ்ட்ரீம்லி ஹாட் வெதர்’ என்பதில் ‘வெதர்’ முதல்நிலை, ‘ஹாட்’ இரண்டாம்நிலை, ‘எக்ஸ்ட்ரீம்லி’ மூன்றாம்நிலை. தழுவும் சொல்லுக்கும் தழுவப்படும் சொல்லுக்கும் உள்ள உறவே இங்கு அடிப்படை. பின்னர் எமண்ட்சு, சாக்கெண்டாஃப் ஆகியோர் ‘ரைட்’ என்னும் சொல் ‘ரைட் இன் த மிடில்’ என முன்னிடைத் தொடரைத் தழுவுவதைச் சுட்டி, அதனை அத்தொடரை இனங்காணும் கருவியாகக் கொண்டனர். இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘ரைட்’ முன்னிடைத் தொடரையும் ‘வெரி’ பெயரடையையும் நாடுகின்றன. ஆனால் இடைக்காலத்தில் ‘ரைட்’ பெயரடையையும் தழுவியது. வட இங்கிலாந்தின் வட்டார வழக்கில் அது இன்றும் வாழ்கின்றது.

மாற்றம் ஓய்ந்துவிடவில்லை. இட்டோ, தாலியமோன்டே ஆகியோர் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதியோரிடம் ‘வெரி’ மிகுதியாகவும் இளையோரிடம் ‘ரியலி’ உயர்ந்தும் வருவதைக் காட்டினர். ‘ரியலி’ என்பதன் மூலப்பொருளும் உண்மையே. உண்மையை உணர்த்தும் சொல் அளவை உணர்த்தும் சொல்லாகத் தேய்வது ஆங்கிலத்தில் இருமுறை நிகழ்ந்துள்ளது.

தமிழ் மரபோடு ஒப்பு

தொல்காப்பியர் ‘உறு’, ‘தவ’, ‘நனி’ ஆகியவற்றை மிகுதிப்பொருள் உணர்த்துவனவாக உரியியலில் வைக்கின்றார். உரிச்சொல் பெயரோடும் வினையோடும் இயைந்து வருவது என்பது அவர் கொள்கை. ‘உறுபசி’ என்பதில் பெயரையும் ‘தவப்பல’ என்பதில் பலவின்பாலை உணர்த்தும் அளவுச்சொல்லையும் மிகுதிச்சொல் தழுவுகின்றது. உரிச்சொல்லும் ஆங்கில வினையடையும் ஒன்றல்ல. எனினும் மிகுதிச்சொல்லை வினையொன்றுக்கே உரிமையாக்காத பார்வை இங்குள்ளது.

முடிவுரை

ஆங்கிலத்தில் பெயரடையைத் தழுவும் சொற்கள் இருவழியாக வந்தன. ‘ஸ்விதெ’ முதலியன வினையைத் தழுவிப் பின் பெயரடையை அடைந்தன. ‘வெரி’ முதலியன பெயரடையாகவே இருந்து மிகுதிச்சொல்லாயின. வினையடை என்னும் பெயர் முதல்வகைக்கு ஓரளவும் இரண்டாம் வகைக்குச் சிறிதும் பொருந்தவில்லை. ஆகவே தமிழ்வழி ஆங்கில இலக்கணம் கற்பிப்போர் இச்சொற்களை ‘மிகுதிச்சொல்’ எனத் தனித்துச் சுட்டி, அவை பெயரடைத் தொடரின் உறுப்பு என்பதை முதலில் விளக்குதல் நலம். அங்ஙனம் செய்யின், ‘இங்கு வினை எங்கே?’ என்னும் மாணவரின் வினாவுக்கு நேரிய விடை கிட்டும்.