தொழிலாளர் மருத்துவக் காப்பீடு: செம்பரம்பாக்கம்–ஒரகடம் பகுதியும் பிற நாடுகளும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் ஊர் செம்பரம்பாக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் பெயர் பெற்றது. இங்கிருந்து மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் என்றும் தொழிற்சாலைகள் நீள்கின்றன. தென்கொரியாவின் ஹூண்டாய், தைவானின் ஃபாக்ஸ்கான், ஜப்பானின் யமஹா, ஜெர்மனியின் டைம்லர் ஆகிய நிறுவனங்கள் இந்தச் சில கிலோமீட்டர்களுக்குள் முதல் போட்டிருக்கின்றன. இந்த நான்கு நாடுகளிலும் மருத்துவக் காப்பீடு தொழிலாளியிடம் தொடங்கி, நாட்டு மக்கள் எல்லோரையும் எட்டியது. இந்தியாவிலும் அது தொழிலாளியிடம்தான் தொடங்கியது. ஆனால் சம்பள வரம்பு என்ற கோட்டோடு நின்றுவிட்டது. நாடுகளின் மருத்துவச் செலவையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பகுதி பொருத்தமான இடமாவது இதனால்தான்.

நான்கு நாடுகள் வந்த வழி

ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883-இல், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஜப்பான் 1922-இல் சட்டம் இயற்றி, 1961-இல் ஒவ்வொரு குடிமகனையும் ஏதாவதொரு காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. தைவான் 1995 மார்ச்சில், சிதறிக் கிடந்த காப்பீடுகளை ஒரே அரசுக் காப்பீடாக இணைத்தது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் கொரியாவுடையது. அங்கே 1977-இல் கட்டாயக் காப்பீடு தொடங்கியபோது, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. பிறகு சிறிய நிறுவனங்கள், அரசு ஊழியர், கிராமத்தார், கடைசியாக நகரத்துச் சுயதொழிலாளர் என்று விரித்துக்கொண்டே போய், 1989-இல் நாடு முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டே ஆண்டுகள். இந்தியாவின் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. கொரியாவைவிட கால் நூற்றாண்டு முன்னதாகப் புறப்பட்டவர்கள் நாம்.

கொரியாவின் முறையிலும் குறை உண்டு. நோயாளி தன் கையிலிருந்து கொடுக்கும் பங்கு அங்கே இன்றும் கணிசமானது. ஜப்பானிலும் பெரும்பாலோர் கட்டணத்தில் 30 விழுக்காட்டைத் தாங்களே செலுத்துகிறார்கள். ஆனால் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஒரு குடும்பம் கொடுக்க வேண்டியதில்லை என்ற உச்சவரம்பு இருக்கிறது; எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசே விதித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது.

இ.எஸ்.ஐ. கணக்கு

சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ. பிடித்தம்’ என்று வரும் தொகை சம்பளத்தில் 0.75 விழுக்காடு. நிறுவனம் தன் பங்காக 3.25 விழுக்காடு செலுத்துகிறது. 2019 ஜூலைக்கு முன்பு இவை 1.75, 4.75 என்று இருந்தன. மாதம் ரூ.20,000 வாங்குபவருக்கு ரூ.150 பிடித்தம், நிறுவனத்தின் பங்கு ரூ.650. ஜெர்மனியில் காப்பீட்டுச் சந்தாவின் அடிப்படை விகிதமே 14.6 விழுக்காடு, கொரியாவில் 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அவற்றின் பக்கத்தில் நம் 4 விழுக்காடு மிக மலிவு.

இந்த மலிவு விலைக்குக் கிடைப்பது குறைவல்ல. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டால், குணமாகும் வரை 90 விழுக்காடு. பிரசவத்துக்கு 26 வார ஊதியம். பிரஸ் ஷாப்பில் விரலைப் பறிகொடுத்தவருக்கு எந்தத் தனியார் காப்பீடும் இப்படிச் சம்பளம் தராது. திட்டத்தைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்கல் வரம்பில் இருக்கிறது. 2017 ஜனவரியில் சம்பள வரம்பு ரூ.15,000-இலிருந்து ரூ.21,000 ஆக உயர்ந்தது. ஒரு தொழிலாளிக்குச் சம்பள உயர்வு வந்து ரூ.22,000 ஆனால், நடந்துகொண்டிருக்கும் ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் அவர் வெளியே வந்துவிடுவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமென்றால், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும், இவருடையதோ ரூ.2,64,000. ஏழைக்கான அட்டையும் இல்லை, தொழிலாளிக்கான அட்டையும் இல்லை. நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்துத் தந்தால்தான் உண்டு. இப்படி இடையில் நிற்பவர்கள் நாட்டு மக்களில் 30 விழுக்காட்டுக்குக் குறையாது என்று நிதி ஆயோக் 2021-இல் கணக்கிட்டது. இன்னொரு பக்கம், பழகுநர் சட்டப்படி அமர்த்தப்பட்ட அப்ரண்டிஸ்கள் தொடக்கத்திலிருந்தே திட்டத்துக்கு வெளியே. உடன் நின்று அதே லைனில் வேலை செய்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. சம்பளம் உயர்ந்ததற்காகப் பாதுகாப்பை இழப்பது மேலே சொன்ன நான்கு நாடுகளில் நடப்பதில்லை. ஜெர்மனியில் குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டியவர் விரும்பினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். எதிலும் இல்லாமல் இருக்க முடியாது.

தரத்தை எதைக்கொண்டு அளப்பது

உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு 191 நாடுகளைத் தரவரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம், அமெரிக்கா 37, இலங்கை 76, இந்தியா 112. கணக்கிட்ட முறைமீது எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அப்படியொரு பட்டியலை அந்த நிறுவனம் மறுபடி வெளியிடவில்லை. ஆனாலும் ஒரு செய்தி அன்றும் இன்றும் மாறவில்லை: பணத்தைக் கொட்டினால் தரம் தானாக வராது. அமெரிக்கா தன் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. ஜப்பான் சுமார் 11. சராசரி ஆயுளோ அமெரிக்காவில் 80-ஐ எட்டவில்லை, ஜப்பானில் 84. 1951-இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கிய இலங்கை, ஏறத்தாழ 4 விழுக்காட்டுச் செலவில் தாய்–சேய் நலத்தில் இந்தியாவை வெகுதூரம் முந்தியிருக்கிறது.

இந்தியாவுக்குள் தமிழ்நாடும் இந்த வழியில் வந்ததுதான். 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. செலவைக் குறைப்பதும் தரத்தைக் காப்பதும் ஒரே ஏற்பாட்டில் முடியும் என்பதற்கு நம் ஊரில் இதைவிட நல்ல சான்று இல்லை.

சிகிச்சை கிடைக்காமல் இறப்பவர்களைவிட, கிடைத்த சிகிச்சை மோசமானதால் இறப்பவர்கள் இந்தியாவில் அதிகம் என்று லான்செட் இதழில் 2018-இல் வந்த ஆய்வு காட்டியது: ஆண்டுக்கு முறையே சுமார் 8 லட்சம், 16 லட்சம். அட்டை வழங்குவதோடு வேலை முடிவதில்லை என்பதை இந்த எண்கள் உரக்கச் சொல்கின்றன. ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிக்குத் தரம் என்பது வேறு கேள்விகளாகவும் வருகிறது. டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரத்தில் போக முடியுமா? கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போய்வர ஒரு நாள் சம்பளம் போகுமா? எந்த உலகப் பட்டியலும் இந்த ஒரு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நோய் வராமல் காப்பதும் இந்தக் கணக்கில் சேரும். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பகுதியில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதிச் சமையலறையையும் தண்ணீர்த் தொட்டியையும் கண்காணிப்பது காப்பீட்டுக் கழகத்தின் வேலையல்ல. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலத்தின் வேலை. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிகளை மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் திறந்ததை மருத்துவச் செலவுக் கணக்கிலேயே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

நாற்பத்தெட்டு மணி நேரம்

இந்த நெடுஞ்சாலையில் விபத்தில் அடிபடுபவரிடம் சம்பளம் எவ்வளவு, எந்த மாநிலம், எந்த அட்டை என்று எவரும் கேட்பதில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை வரையறுத்த தொகை வரை அரசே ஏற்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளியும், ரூ.22,000 வாங்கும் ஆபரேட்டரும், கொரிய மேலாளரும் அந்த இரண்டு நாளுக்கு ஒரே வரிசையில் வருகிறார்கள். 49-ஆவது மணி நேரத்தில் அட்டை பற்றிய கேள்வி வருகிறது.