நீச்சல் குளத்து நெடி

நீச்சல் குளம் ஒன்றின் அருகே சென்றதுமே மூக்கில் ஏறும் நெடியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். “குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள்” என்று பலரும் முணுமுணுப்பார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அந்த நெடி எழுகிறதென்றால், குளத்தில் குளோரின் போதவில்லை என்றே பொருள். இது எப்படி என்று பார்க்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

இங்கிலாந்தில் 1846-ல் வந்த ஒரு சட்டத்தின்பின் நகரங்கள்தோறும் பொதுக் குளியல் குளங்கள் எழுந்தன. நீரைத் தூய்மையாக்கும் வழி எதுவும் அப்போது இல்லை. வாரத் தொடக்கத்தில் குளத்தை நிரப்புவார்கள். நாள் செல்லச் செல்ல நீர் கலங்கும். பிறகு திறந்துவிட்டு மீண்டும் நிரப்புவார்கள். பல குளங்களில் புதிய நீருக்குக் கட்டணம் அதிகம். நீர் கலங்கக் கலங்கக் கட்டணமும் குறையும். ஏழைகளுக்குக் கிருமிகளைத் தள்ளுபடி விலையில் விற்றார்கள் என்றே சொல்லலாம்!

இதற்குப் பரிகாரமான பொருள் அதற்கும் முன்பே கையில் இருந்தது. 1774-ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, மாங்கனீஸ் தாதுவுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு ஒன்றைப் பெற்றார். அதுவே குளோரின். 1799-ல் கிளாஸ்கோ நகரில் டெனன்ட் என்பவர் அதைச் சுண்ணாம்புடன் சேர்த்துப் பிளீச்சிங் பவுடரைத் தயாரித்தார். துணி வெளுக்கப் பிறந்த அந்தத் தூள், நீரைக் காக்க வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1897-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது, குடிநீர்க் குழாய்களை அதன் கரைசலால் தூய்மை செய்தார்கள். 1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் அதைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கினார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை! விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் அவரது முறை ஏற்கப்பட்டது. குடிநீருக்கு உதவியது குளத்துக்கு உதவாதா? 1910 வாக்கில் பிரவுன் பல்கலைக் கழகத்தின் நீச்சல் குளத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயன் கிடைத்தது.

நீரில் கரைந்த குளோரின், ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. கிருமியைக் கொல்வது இதுதான். ஆனால் நீர் காரத்தன்மை அடைந்தால் இந்த அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாகப் பிரிந்துவிடும்; அதற்கு வலிமை மிகக் குறைவு. நீரின் அமில, காரத் தன்மையை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவை 1909-ல் டென்மார்க்கில் சாரன்சன் வகுத்தார். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழப் பாதிக் குளோரின் வேலை செய்யும். அது 8 ஆக உயர்ந்தால் கால் பங்குதான். ஆகவே 7.2-க்கும் 7.8-க்கும் இடையே வைத்துக்கொள்ள வேண்டும். நம் கண்ணீரின் பி.எச். அளவும் சுமார் 7.4 தான்!

வீட்டில் புதிதாகக் குளம் கட்டியவர் இங்கேதான் இடறுகிறார். புதிய சிமெண்டுப் பூச்சிலிருந்து முதல் சில வாரங்களுக்குச் சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும், பி.எச். ஏறிக்கொண்டே போகும். குளோரினை எவ்வளவு போட்டாலும் நீர் பச்சையாகிறதே என்று அவர் திகைப்பார். நாள்தோறும் பி.எச். அளந்து, சிறிது சிறிதாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதே வழி. நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. குளோரின் தூள் கரைத்த வாளியில் அமிலத்தை மறந்தும் ஊற்றாதீர்கள். ஷீலே பெற்ற வாயு உங்கள் வாளியிலிருந்தே கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் வீரர்களின் நுரையீரலை எரித்தது அந்த வாயுதான்.

எவ்வளவு தூள் தேவை? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளம் 48,000 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 96 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதம் குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் இது சுமார் 150 கிராம். அவ்வளவு பெரிய குளத்துக்கு ஏறத்தாழ ஒரு டம்ளர் தூள்! ஆனால் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் சிதைந்துவிடும். எனவேதான் திறந்தவெளிக் குளங்களில் சிறிதளவு சயனூரிக் அமிலம் சேர்த்து அதைக் காக்கிறார்கள். மாலையில் தூள் போடுவதும் நல்லது.

இனி அந்த நெடிக்கு வருவோம். குளிப்பவர்களின் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து குளோரமீன்களாகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் இவையே. கிருமிகளைக் கொல்வதில் இவை மந்தமானவை. நெடி வந்தால் குளோரினைக் குறைப்பது தவறு; கூட்ட வேண்டும்! சேர்ந்துபோன குளோரினைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு புதிய குளோரினை ஒரே மாலையில் சேர்த்தால், குளோரமீன்கள் சிதைந்து பெரும்பகுதி நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். இரவு முழுவதும் பம்பும் மணல் வடிகட்டியும் ஓடட்டும். மறுநாள் அளந்து பார்த்து, லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கிய பிறகே குழந்தைகளைக் குளத்தில் இறங்க விடுங்கள். அதற்குமுன் அவர்களைக் குழாயடியில் நன்றாகக் குளிக்கச் சொல்லுங்கள்.