சி.டி. படத்தில் கல்லீரல் கூறுகளை அறிதல்: போர்ட்டல் கிளைவழிப் பயிற்சியின் தேவை

சி.டி. ஸ்கேன் படத்தில் கல்லீரலின் எட்டுக் கூறுகளை இனங்காண்பது கதிரியல், அறுவை மருத்துவத் துறைகளில் முதுநிலைப் பயிற்சிக்கு வருவோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். எனினும் அப்பாடம் பெரும்பாலும் தவறான முனையிலிருந்து தொடங்கப்படுகிறது. குறுக்குவெட்டுப் படத்தில் மூன்று கல்லீரல் சிரைகளையும் கண்டு, அவற்றின் போக்கில் கல்லீரலின் விளிம்புவரை நேர்கோடுகளை இழுத்து, போர்ட்டல் சிரை இடம் வலமாகப் பிரியும் மட்டத்தில் ஒரு கிடைத்தளத்தைக் கற்பனை செய்து, அவ்வாறு கிடைக்கும் கட்டங்களுக்கு எண்ணிடுமாறு மாணவர் பயிற்றப்படுகிறார். இம்முறை எளிது, விரைவில் மனத்தில் பதிவது. ஆயினும் கோடுகளைக் கற்ற மாணவர் கல்லீரலைக் கற்றவராக மாட்டார் என்பதும், போர்ட்டல் சிரையின் கிளைகளைப் படத்துக்குப் படம் பின்தொடர்வதே பாடத்தின் முதற்படியாக வேண்டும் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

கல்லீரலுக்குள் குருதி இரு வழிகளில் நுழைகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் குருதியைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை பெரும்பங்கை அளிக்க, கல்லீரல் தமனி எஞ்சியதை அளிக்கிறது; இவ்விரண்டும் பித்தநாளமும் ஒரே உறைக்குள் சேர்ந்தே கிளைவிட்டுச் செல்கின்றன. வெளியேறும் குருதியோ வலம், நடு, இடம் எனப்படும் மூன்று கல்லீரல் சிரைகளின் வழியே கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. கூறு என்பது போர்ட்டல் சிரையின் ஒரு குறிப்பிட்ட கிளையும் அதனுடன் செல்லும் தமனியும் ஊட்டுகின்ற, அதனுடைய பித்தநாளமே வடிக்கின்ற திசுப்பரப்பு. ஒரு மதகிலிருந்து பிரியும் வாய்க்கால் எவ்வளவு நிலத்துக்குப் பாய்கிறதோ அதுவே அதன் ஆயக்கட்டு. இரண்டு ஆயக்கட்டுகளுக்கு நடுவே ஓடும் வடிகால் எல்லையைக் காட்டக்கூடுமாயினும் ஆயக்கட்டைத் தீர்மானிப்பது வாய்க்காலே. கல்லீரல் சிரைகள் கூறுகளின் இடையே ஓடும் அத்தகைய வடிகால்கள். அவற்றைக் கொண்டு கூறுகளை வரையறுப்பது விளைவைக் கொண்டு காரணத்தை வரையறுப்பதற்கு ஒப்பாகும்.

கிளைகளைக் கொண்டு கூறுகளை வரையறுக்கும் கருத்து சி.டி.க்கு முற்பட்டது. அரிவாள்வடிவத் தசைநாரே கல்லீரலை வலமும் இடமுமாகப் பிரிக்கிறது என்ற பழைய எண்ணத்தை 1897இல் ஜேம்ஸ் கான்ட்லி மறுத்து, உண்மையான எல்லை பித்தப்பைக் குழியிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை நோக்கிச் செல்கிறது என்று காட்டினார். 1930களில் ஹனோயில் டோன் தாட் துங் கல்லீரல்களைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, உள்ளோடும் நாளங்களின் போக்கை ஆராய்ந்தார். 1953இல் ஹீலியும் ஷ்ராயும் பித்தநாளங்களை அடிப்படையாகக் கொண்டு ஒரு பகுப்பை வெளியிட்டனர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் கிளோட் குவினோ நாளங்களுக்குள் பிளாஸ்டிக்கைச் செலுத்தி இறுகச்செய்து, சுற்றியுள்ள திசுவை வேதிப்பொருளால் அரித்து நீக்கி, எஞ்சும் கிளைவடிவ வார்ப்புகளை ஆராய்ந்து, 1957இல் வெளியிட்ட நூலில் போர்ட்டல் கிளைகளின்படி எட்டுக் கூறுகளை விரித்துரைத்தார். நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகச் சி.டி. எடுக்கப்பட்டது 1971இல். ஆகவே எட்டுக் கூறுகள் குறுக்குவெட்டுப் படத்துக்காக வகுக்கப்பட்டவை அல்ல; முப்பரிமாண வார்ப்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர் வகுத்தவை.

சி.டி. பரவலானபோது படங்கள் பிலிமில் அச்சிடப்பட்டு ஒளிப்பலகையில் தொங்கவிடப்பட்டன. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள, தனித்தனியான வெட்டுகளில் ஒரு சிறு கிளையை அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்வது இயலாத செயல். பெரிய கல்லீரல் சிரைகளோ பிலிமில் எளிதில் தெரிந்தன. எனவே சிரைவழிக் கோடு அக்காலத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற நியாயமான சமரசம். இன்று ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்லிய வெட்டுகள் கணினித் திரையில் உருள்கின்றன. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய ஏறத்தாழ 70 விநாடிகளில் எடுக்கப்படும் போர்ட்டல் கட்டப் படத்தில் போர்ட்டல் கிளைகளும் கல்லீரல் சிரைகளும் ஒருங்கே ஒளிர்கின்றன. சமரசத்துக்கான காரணம் மறைந்த பின்னும் சமரசமே பாடமாக நீடிப்பது வருந்தத்தக்கது.

கோட்டு முறையின் குறைபாடு மிகத் தெளிவாக வெளிப்படுவது இடப்பக்கத்தில். இடது கல்லீரல் சிரை 4ஆம் கூறை 2, 3ஆம் கூறுகளிலிருந்து பிரிக்கிறது என்று பல பயிற்சிக் குறிப்புகள் சொல்கின்றன. உண்மையில் அச்சிரை ஓடுவது 2ஆம் கூறுக்கும் 3ஆம் கூறுக்கும் இடையில். 4ஆம் கூறின் இட எல்லையாக அமைவது தொப்புட்பிளவு, அதாவது கருவிலிருந்த தொப்புட்சிரையின் எச்சமான உருண்டைத் தசைநார் கல்லீரலுக்குள் நுழையும் பிளவு. இக்குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவது கடினமன்று. தொப்புட்பிளவை எல்லையாக வைத்து இடது பாதியை உட்பகுதி, வெளிப்பகுதி எனப் பிரித்தவர்கள் ஹீலியும் ஷ்ராயும். இடது கல்லீரல் சிரையை எல்லையாக வைத்தவர் குவினோ, ஆனால் அவர் அதைக்கொண்டு 2ஆம் கூறை ஒரு புறத்திலும் 3, 4ஆம் கூறுகளை மறு புறத்திலும் நிறுத்தினார். முன்னவரின் பிரிவையும் பின்னவரின் சிரையையும் ஒட்டவைத்த வாசகமே பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டு பிரிஸ்பேனில் ஏற்கப்பட்ட பன்னாட்டுப் பெயரீட்டு முறை தொப்புட்பிளவையே எல்லையாக உறுதிசெய்த பின்னும் அவ்வாசகம் முற்றிலும் மறையவில்லை.

படத்தில் இதை நேரே காணலாம். இடது போர்ட்டல் சிரையின் கிடைநிலைப் பகுதி கல்லீரல் வாயிலிலிருந்து இடப்புறமாகச் சென்று, ஒரு முழங்கைபோல் மடங்கி, தொப்புட்பிளவுக்குள் முன்னோக்கி ஓடுகிறது. அம்மடிப்பிலிருந்து இடப்புறமும் பின்புறமுமாகப் பிரிவது 2ஆம் கூற்றின் கிளை. முன்னோக்கி ஓடும் பகுதியின் நுனியருகே இடப்புறமாகப் பிரிவது 3ஆம் கூற்றின் கிளை. அதே பகுதியின் வலப்பக்கத்திலிருந்து மேலும் கீழுமாகப் புறப்படுபவை 4ஆம் கூற்றுக்குரியவை. படங்களை மேல்நோக்கி உருட்டும்போது 2, 3ஆம் கூற்றுக் கிளைகளின் நடுவே இடது கல்லீரல் சிரை வந்து நிற்பதைக் கண்ணாரக் காணும் மாணவருக்கு விதி எதையும் மனப்பாடம் செய்யவேண்டிய தேவையில்லை. மாறாக, மேல்மட்டப் படத்தில் இச்சிரையின் வழியே கோடிழுப்பவர், சிரைக்கு முன்னும் பிளவுக்கு இடப்புறமும் உள்ள ஒரு கட்டியை 4ஏ, அதாவது 4ஆம் கூற்றின் மேற்பகுதி, என எழுதிவிடுவார். அது 3ஆம் கூறைச் சேர்ந்தது. 2, 3ஆம் கூறுகளை மட்டும் நீக்கும் சிறிய அறுவை போதுமான இடத்தில், இடது பாதி முழுவதையும் எடுக்கவேண்டுமோ என்ற கேள்வியை அவ்வோர் எண் எழுப்பிவிடுகிறது.

வலப்பக்கத்தின் சிக்கல் வேறு வகையானது. முன்னிருந்து பார்க்கும் வரைபடங்களில் 6, 7ஆம் கூறுகள் வலது ஓரத்தில் நிற்கின்றன. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் குறுக்குவெட்டிலோ அவை 5, 8ஆம் கூறுகளுக்குப் பின்னால் மறைந்துள்ளன. இவ்விரு இணைகளுக்கும் இடையே எல்லையாகச் சொல்லப்படும் வலது கல்லீரல் சிரை எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. 6ஆம் கூறை வடித்து நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும் துணைச்சிரை பெரிதாக உள்ளவரிடம் முதன்மைச் சிரை குட்டையாகி, கீழ்மட்டப் படங்களில் தென்படாமலே போகிறது. அங்கே மாணவர் வரையும் கோடு சிரையின் வழியே செல்வதன்று, சிரை இருந்திருக்கக்கூடிய இடத்தின் வழியே செல்வது. போர்ட்டல் மட்டக் கிடைத்தளமும் அத்தகையதே. 5ஆம் கூற்றுக் கிளைகள் ஒரே தண்டிலிருந்து கிளம்பாமல் பல சிறு கிளைகளாகக் கீழ்நோக்கி இறங்குவதும், 8ஆம் கூற்றுக் கிளை வயிற்றுப்புறமும் முதுகுப்புறமுமாகப் பிரிந்து ஏறுவதும் பொதுவாகக் காணப்படுபவை. இதனாலேயே வலது முன்பகுதியை மேல், கீழ் எனப் பிரிப்பதைவிட வயிற்றுப்புறம், முதுகுப்புறம் எனப் பிரிப்பது கிளைகளின் போக்குக்கு நெருக்கமானது என்று ஜப்பானிய ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். 5, 8ஆம் கூறுகளின் எல்லை ஒரு தட்டையான தளமன்று, மேடுபள்ளமான பரப்பு என்பதை ஏற்றுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

1998இல் ஃபாசெலும் உடனாய்வாளர்களும் கதிரியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, சி.டி.யில் வழக்கமாக வரையப்படும் எல்லைகள் உண்மையான போர்ட்டல் பரப்புகளோடு சரிவரப் பொருந்தவில்லை என்று தலைப்பிலேயே கூறியது. ஃபாசெல் பின்னாளில் ஒரு கல்லீரல், இரண்டு பாதிகள், சராசரியாக இருபது இரண்டாம் நிலைக் கிளைப் பரப்புகள் என்ற கருத்தையும் முன்வைத்தார். எட்டு என்ற எண்ணையே கைவிடவேண்டும் என்பது இதன் பொருளாகாது. அவ்வெண் மருத்துவர்களிடையே புழங்கும் பொதுமொழி, அதற்குரிய மதிப்பு அதற்குண்டு. எண் பெயராக மட்டும் இருக்கவேண்டும், எல்லையாகக் கருதப்படலாகாது. இயற்கை தானே செய்துகாட்டும் ஒரு சோதனையும் உண்டு: ஒரு போர்ட்டல் கிளையைக் கட்டி அடைத்துவிட்டால் அக்கிளையின் பரப்பில் தமனிக் குருதி மிகுந்து, தமனிக் கட்டப் படத்தில் அப்பரப்பு மட்டும் ஆப்பு வடிவில் ஒளிர்கிறது. அந்த ஆப்பின் ஓரத்தையும் தாம் வரைந்த கோட்டையும் மாணவர் அருகருகே வைத்து ஒப்பிடும் பயிற்சி, பல விரிவுரைகள் தராத தெளிவைத் தரக்கூடியது.

அறுவை அரங்கில் காணப்படுவதும் இதே பரப்புத்தான். ஒரு கிளையைக் கவ்வியால் இறுக்கினால் அது ஊட்டும் பகுதி நிறம் மங்கி, கல்லீரலின் மேற்பரப்பில் ஓர் எல்லைக்கோடு தோன்றுகிறது. 1980களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் மகூச்சி அல்ட்ராசவுண்டின் துணையுடன் போர்ட்டல் கிளைக்குள் சாயத்தைச் செலுத்தி, சாயமேறிய பரப்பை மட்டும் வெட்டி நீக்கும் முறையை உருவாக்கினார். கல்லீரல் செல் புற்றுநோய் போர்ட்டல் கிளைகளின் வழியே பரவும் இயல்புடையது என்பதே அதன் தருக்கம். மேலும், அறுவைக்குப்பின் எஞ்சும் கல்லீரல் இயல்பான நிலையில் குறைந்தது 20 முதல் 25 விழுக்காடும், நார்மிகுந்து சுருங்கிய சிரோசிஸ் நிலையில் 40 விழுக்காடும் இருக்கவேண்டும் எனக் கொள்ளப்படுவதால், பரப்பை அளப்பதில் நேரும் பிழை நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாகிறது. இந்தியாவில் கல்லீரல் மாற்று அறுவைகளின் பெரும்பகுதி உயிருள்ள கொடையாளரைச் சார்ந்து நடப்பதால், நோயற்ற ஒருவரின் கல்லீரலும் இக்கணக்குக்கு உட்படுகிறது. வலது முன்பகுதிக் கிளை இடது போர்ட்டல் சிரையிலிருந்து பிரியும் மாறுபாடோ, முதன்மைத் தண்டு ஒரே இடத்தில் மூன்றாகப் பிரியும் மாறுபாடோ கொடையாளரிடம் இருந்தால், அதைக் கோட்டு முறை ஒருபோதும் காட்டாது. கிளையைத் தொடர்பவர் கண்ணில் அது முதல் நிமிடத்திலேயே படும்.

கிளைவழிப் பயிற்சி நேரத்தை விழுங்கும், இரவுப்பணியில் அறிக்கை எழுதும் மருத்துவருக்கு அது கட்டுப்படியாகாது என்ற மறுப்பு எழலாம். அதில் உண்மையுண்டு, விபத்தில் சிக்கியவரின் கல்லீரல் கிழிசலைக் குறிக்க எட்டில் ஓர் எண் போதும். ஆனால் குறுக்குவழியை எப்போது எடுக்கலாம் என்பதை அறிந்திருப்பவர் முழுவழியை நடந்தவர் மட்டுமே. போர்ட்டல் தண்டில் தொடங்கி, வலது கிளை முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் பிரியும் இடத்தை அடைந்து, பின்பகுதிக் கிளை வளைந்து கீழே 6ஆம் கூறுக்கும் மேலே 7ஆம் கூறுக்கும் செல்வதைப் பார்த்து, திரும்பிவந்து இடப்பக்கத்தைத் தொடர்வதற்குப் பழகிய கைக்குச் சில நிமிடங்களே ஆகும். கல்லீரல் சிரைகளை அதன்பின் பார்த்தால் அவை கிளைகளின் இடைவெளியில் தாமே வந்து பொருந்தும். பொருந்தாத இடத்தில் மாறுபாடு உள்ளது என்பது புலப்படும். எண்களைக் கடைசியாக எழுதச்சொல்வதே ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி.

இவ்வொழுங்குக்குள் முழுமையாக அடங்காதது வால்மடல் எனப்படும் 1ஆம் கூறு. இடம் வலம் இரு பாதிகளிலிருந்தும் கிளைகளைப் பெற்று, தன் குருதியைச் சிறு சிரைகளின் வழியே நேரடியாகக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ப்பதால், மூன்று கல்லீரல் சிரைகளும் அடைபடும் பட்-கியாரி நோயிலும் இது தப்பிப் பருக்கிறது. சிரோசிஸிலோ வலது பாதி சுருங்கி, வால்மடலும் இடது வெளிப்பகுதியும் பெருத்து, பித்தப்பைக் குழி உட்பட எல்லா அடையாளங்களும் இடம்பெயர்ந்துவிடுகின்றன. கோடுகள் மிகவும் ஏமாற்றுவது இங்கேதான், கிளைகள் மிகவும் உதவுவதும் இங்கேதான். ஆயினும் போர்ட்டல் சிரையே உறைகட்டியால் அடைபட்டு, கிளைகள் ஒளிராத நோயாளியிடம் கிளைவழி முறை கைகொடுக்காது. அத்தகைய படத்தில் கல்லீரல் சிரைகளையும் தொப்புட்பிளவையும் பித்தப்பைக் குழியையும் கொண்டே கூறு எண்ணை எழுதவேண்டியிருக்கும். அவ்வாறு எழுதும்போது, எண் அடையாளங்களைக் கொண்டு கணித்தது, கிளையைக் கண்டு எழுதியதன்று என்ற ஒரு வரியை அறிக்கையிலேயே சேர்ப்பது, அடுத்து அதைப் படிக்கப்போகும் அறுவை மருத்துவருக்குக் கதிரியல் மருத்துவர் செய்யவேண்டிய கடமை.