தாடை அறுவையில் பல்லின் இடம்: எலும்பு ஒட்டு முதல் உடனடிப் பல் உள்வைப்பு வரை

கட்டியோ புற்றுநோயோ பற்றிய தாடையை வெட்டியெடுத்து, அந்த இடைவெளியை எலும்பால் நிரப்பிவிட்டால் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. நோயாளி இனி எப்படி மென்று தின்பார் என்ற கேள்வி பிந்திய கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அக்கேள்வி அறுவைத் திட்டத்தின் முதல் வரிக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்கு மேலே தலை தெரிந்த வீரர்கள் பலர் முகம் சிதைந்தனர். 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட குயின்ஸ் மருத்துவமனையில் ஹரோல்டு கில்லீஸ் குழுவினர் அவர்களின் முகங்களைச் சீரமைத்தனர். தாடைக்கு இடுப்பெலும்பு, விலா எலும்புத் துண்டுகள் ஒட்டப்பட்டன. ஆனால் ஒட்டிய துண்டுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது; சுற்றுத்திசுவிலிருந்து புது நாளங்கள் ஊடுருவும்வரை அது காத்திருக்க வேண்டும். வாயோ கிருமிகள் நிறைந்த இடம். ஆண்டிபயாடிக் வராத காலத்தில் சீழ் பிடித்தால் ஒட்டு பாழ்.

இந்தத் தடையை உடைத்தது நுண்ணறுவை. 1960இல் அமெரிக்காவில் ஜூலியஸ் ஜேக்கப்சன் நுண்ணோக்கியின் துணையுடன் மிகச் சிறிய ரத்தநாளங்களைத் தைத்துக் காட்டினார். 1975இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள ஃபிபுலா எலும்பை அதன் நாளங்களோடு எடுத்து, அடிபட்ட காலில் பொருத்திய செய்தியை வெளியிட்டார். நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ 1989இல் அதே எலும்பைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்தார். இத்தேர்வு மிகப் பொருத்தமானது. உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்திலுள்ள டிபியா. எனவே கணுக்காலருகே சில சென்டிமீட்டரை விட்டுவைத்தால் நோயாளி நடப்பார். சுமார் 25 செ.மீ. எலும்பு கிடைக்கும். மேலுறையின் ரத்த ஓட்டம் கெடாமல் துண்டுகளாக வெட்டித் தாடையின் வளைவை அமைக்கலாம். செயற்கைப் பல்லைத் தாங்கும் உள்வைப்புத் திருகைப் பிடிக்கும் கெட்டித்தன்மையும் அதற்கு உண்டு. உயரம் போதாமை ஒரு குறை. அதனால் சிலருக்கு இரண்டடுக்காக மடித்து வைக்கிறார்கள்.

திருகின் கதை சுவீடனில் தனியே வளர்ந்தது. 1952இல் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிப்போனதைப் பெர்-இங்வார் பிரோனெமார்க் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்குப் பல் உள்வைப்பு செய்தார். திருகை ஈறுக்குள் புதைத்து மாதக்கணக்கில் காத்திருப்பதே அவரது விதி.

1980களின் இறுதியில் இரு பாதைகளும் கலந்தன. எலும்பை மாற்றும்போதே திருகையும் வைத்தனர். பல் மட்டும் பிந்தியே வந்தது. எலும்பின் வசதிப்படி வைத்த திருகு, பல் வரவேண்டிய இடத்தில் அமையாமலும் போனது. சிடி ஸ்கேனும் கணினித் திட்டமும் வந்தபின் வரிசை தலைகீழானது: முதலில் கடி, அடுத்துப் பல், பிறகு திருகு, கடைசியில் எலும்பை வெட்டும் கோணம். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ‘ஒரே நாளில் தாடை’ முறையில், தாடை நீக்கம், ஃபிபுலா, உள்வைப்பு, தற்காலிகப் பல் அனைத்தும் ஒரே அறுவையில் முடிந்தன.

இம்முறை முதலில் பயன்பட்டது தீங்கற்ற கட்டிகளுக்கே. புற்றுநோயில் வெட்டும் எல்லை அறுவை மேசையில் மாறக்கூடும் என்பதால் எச்சரிக்கை தேவை. ஆயினும் பல்லைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தற்றதல்ல. கதிர்வீச்சுக்குப் பிறகு எலும்பு ஆறும் திறன் குன்றுகிறது, பலர் கடைசிவரை பல்லின்றியே வாழ்கின்றனர். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மலிந்த நம் நாட்டில், தாடை அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே பல் மருத்துவரையும் திட்டத்தில் சேர்க்கும்படி நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டும்.