செடிக்குப் பிறகே மனிதர்

இலங்கையின் மலையகத்தில் தேயிலைச் செடிக்கு ஆராய்ச்சியாளர் கிடைத்து பல பத்தாண்டுகள் சென்ற பின்பே, கொழுந்து பறிக்கும் மனிதருக்கு ஆராய்ச்சியாளர் கிடைத்தார். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் உருவாகி, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1946இல் தேயிலையில் கொப்புள நோய் பரவியபோது மருந்து தேட அங்கே அறிஞர் இருந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தத் துயரை ஆராய அப்படியொரு நிலையம் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பிள்ளை பல்கலைக்கழகம் செல்லப் பாதையும் எளிதாக இருக்கவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். அதனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் மு. சின்னத்தம்பி, புவியியலாளர் மா.செ. மூக்கையா, தமிழறிஞர் க. அருணாசலம் ஆகியோர் மலையகத்தை ஆய்வுப் பொருளாக்கியதை வெறும் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்க முடியாது. கூலியும் குடியேற்றமும் இலக்கியமும் அவர்கள் கையில் பாடமாயின.

பேராசிரியர்களுக்கு முன்பே மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை எழுதவில்லையா, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தே எழுத்தாளர் சாரல்நாடன், தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வரலாற்றைத் தேடித் தொகுக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையில் அடித்தளம் அவர்கள் போட்டதுதான். ஆனால் தனிமனிதர் தேடியது அவரோடு நின்றுவிடக்கூடும்; வகுப்பறைக்குள் வந்த ஆய்வோ அடுத்த மாணவரின் ஆய்வேட்டுக்குத் தொடக்கமாகிறது. ஆய்வுகளால் லயம் இடியவில்லையே என்பது இன்னொரு குறை. லயத்தை இடிக்கும் அதிகாரம் ஆய்வாளரிடம் இருந்ததில்லை. சம்பளத்தையும் காணியையும் பற்றி வாதிடுவோருக்குச் சான்று தருவதே அவர்களால் முடிந்தது, அதைச் செய்தார்கள்.