துபாஷி வைத்துக்கொண்ட சிப்

2002 வாக்கில் ஆபீஸ் லேப்டாப்பைத் திண்டிவனத்தில் பஸ் ஏறித் திறந்தால், விழுப்புரம் வருமுன் பாட்டரி தீர்ந்து திரை அணைந்துவிடும். அப்போதுதான் க்ரூசோ சிப்பைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் டிரான்ஸ்மெட்டா கம்பெனி 2000 ஜனவரியில் வெளியிட்டது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கே வேலை பார்த்ததால் பேச்சும் பெரிதாக இருந்தது.

இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளைகள் க்ரூசோவுக்கு நேரடியாகப் புரியாது. இடையில் ஒரு மென்பொருள் மொழிபெயர்க்கும். பக்கத்துப் புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தாரே, அந்த மாதிரி. ஒருமுறை பெயர்த்ததை நினைவகத்தில் வைத்து, மறுபடி வந்தால் அப்படியே எடுத்துத் தரும். சிக்கலான வேலை மென்பொருளுக்குப் போனதால் சிப்பில் டிரான்சிஸ்டர்கள் குறைந்தன. மின்சாரச் செலவும் சூடும் குறைந்தன.

ஆனால் முதல்முறை பெயர்க்க நேரம் பிடிக்கும். வேகத்தை எதிர்பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 2003-ல் இன்டெலே சிக்கனமான பென்டியம் எம் கொண்டுவந்தது. 2005-ல் டிரான்ஸ்மெட்டா சிப் வியாபாரத்தைச் சுருக்கி, உரிமம் விற்கப் போனது. காப்புரிமை வழக்கில் இன்டெல் 2007-ல் 25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சிப்பு ஈட்டாததைக் காகிதம் ஈட்டியது!

க்ரூசோ வைத்த லேப்டாப் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை.