வீட்டு ஒயின் ஏன் புளிச்சுப் போகுது? நம்ம ஊர் சூட்டில் எப்படிப் பாதுகாப்பது?

கிறிஸ்துமஸுக்கு யாரோ அன்பாகக் கொடுத்த வீட்டு ஒயின், தெலுக் பங்லிமா காராங்கில் உங்க வீட்டு சமையலறை அலமாரியில் நிக்குதா? அதுக்கு அது சரியான இடம் இல்லை. ஒயினுக்கு ஏற்ற வெப்பநிலை 12 முதல் 15 டிகிரி செல்சியஸ். இங்கே பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

ஏன் புளிக்குது?

தென்னங்கள்ளை நினைச்சுப் பாருங்க. இறக்கியதும் இனிப்பு, சில மணி நேரத்தில் போதை, மறுநாள் புளிப்பு. முதலில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். பிறகு பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜன் உதவியோடு அதை வினிகராக்கும். ஒயினிலும் இதேதான் நடக்குது, ஆனால் மெதுவாக. காற்றும் சூடும் அதை வேகப்படுத்தும்.

திறக்கும் முன்

வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கார்க் மூடி என்றால் போத்தலைப் படுக்க வையுங்கள். கார்க் காய்ந்தால் காற்று உள்ளே போகும். திருகு மூடி என்றால் நிமிர்த்தியே வைக்கலாம்.

ஒயின் இன்னும் நுரைத்தால் இறுக்கி மூடாதீங்க. உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கலாம்.

திறந்த பிறகு

உடனே மூடி, ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். பாதி மீந்தால், சுத்தமான சிறிய போத்தலில் விளிம்பு வரை ஊற்றுங்கள். உள்ளே காற்று குறையும். மூன்று முதல் ஐந்து நாளில் முடித்துவிடுவது நல்லது. கடை ஒயினில் சேர்க்கும் சல்ஃபைட் வீட்டு ஒயினில் பெரும்பாலும் இருக்காது. அதனால் சீக்கிரம் கெடும்.

புளிப்பு வேறு, விஷம் வேறு

வினிகர் வாசம் வந்தால் ஒயின் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். மெத்தனால் அப்படி இல்லை. வாசத்திலோ ருசியிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மதுபானம் குடித்து சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் இறந்தனர். யார் தயாரித்தது என்று தெரியாத போத்தலைத் தொடாதீங்க. குடித்தபின் கண் மங்கினால், வாந்தி வந்தால், தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மலேசியாவில் மதுபானம் தயாரிக்க 1976 கலால் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை. ‘வீட்டுக்குத்தானே’ என்று தொடங்கும் முன் சுங்கத்துறையிடம் கேளுங்கள். மதுபானம் வாங்கக் குறைந்தபட்ச வயது 21.